ஏரிக்கரை வாணம்

ஒரகடம்
20.1.1991

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஜெபகுமார் எழுதுவது. நானும் ரத்னாவும் நலம். வேலூர்ப் பனி உனக்கு ஆகாது. டியூட்டிக்குப் போகும்போது காதைக் கட்டிக்கொண்டு போ.

இதை நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? பொங்கலுக்கு மறுநாள் என் அவுட்டு வாணம் மேலே போய் விரிந்துவிட்டது அக்கா. இரண்டு வருடமாக நான் விட்டதெல்லாம் பாதி உயரத்தில் அவிந்துபோகும், இல்லையென்றால் தரையிலேயே புகைந்து கிடக்கும். பட்டறை லேத்தில் நானே கடைந்த பித்தளைக் குச்சி, புளியங்கட்டைச் சுத்தி, பழைய பேப்பரைப் பசை தடவிச் சுருட்டிய குழல், சோடா மூடியில் செய்த தராசு. இவ்வளவுதான் என் சாமான்கள். இவற்றை வைத்துக்கொண்டு வானத்தைத் தொட்டிருக்கிறேன்.

பச்சையாக விரிந்தது. ஏரி நிறையத் தண்ணீர் இருப்பதால் கீழேயும் ஒன்று விரிந்தது. கரையில் நின்ற எருமைகள்கூட ஒரு நொடி பச்சையாகத் தெரிந்தன. யாரும் கை தட்டவில்லை, எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டு ரகுபதிதான் கிட்டே வந்து, "இத்த நீயாடா பண்ண?" என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஈஸ்டருக்கு வா. உனக்காக ஒன்று செய்து வைக்கிறேன்.

உன் தம்பி,
ஜெபா


வேலூர்
2.2.1991

அன்புள்ள தம்பிக்கு,

முழுக் கடிதத்தையும் படித்தேன். மடித்து வைக்கவில்லை.

தீபாவளிக்கு வந்த ஒன்பது வயதுப் பெண் இன்னும் ஏழாம் நம்பர் கட்டிலில்தான் இருக்கிறாள். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. ஆபரேஷன் செய்து பிரித்திருக்கிறார்கள். காலையில் கட்டு மாற்றும்போது அழமாட்டாள், என் தோளைக் கடித்துக்கொள்வாள். அவள் அப்பாவும் உன்னைப் போல ஆசைக்கு வீட்டில் வாணம் செய்து பார்த்தவர்தான். தினமும் வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே வரமாட்டேன் என்கிறார்.

பதினொரு வருடமாக நான் இந்தத் தீக்காய வார்டில் இருக்கிறேன் ஜெபா. நீ எருமை பச்சையாகத் தெரிந்தது என்று எழுதுகிறாய். எனக்கு உன் விரல்கள்தான் தெரிகின்றன.

எனக்குக் கோபமில்லை, பயம். நிறுத்திவிட்டேன் என்று ஒரு கார்டு போடு. அன்றைக்கே பஸ் ஏறுகிறேன். அதுவரைக்கும் ஈஸ்டர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ரத்னாவுக்கு இந்த நாத்தனாரின் அன்பு.

ஞானம்மா


ஒரகடம்
17.2.1991

அன்புள்ள அக்கா,

பொய் எழுத ஒரு கார்டு போதும். உன்னிடம் என்னால் முடியவில்லை.

வீட்டில் இனி ஒன்றும் வைப்பதில்லை. ரகுபதி தன் கழனி மோட்டார் கொட்டகையில் இடம் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண்ணுக்காக ஜெபம் செய்கிறோம். அவள் பேர் என்ன என்று ரத்னா கேட்கிறாள்.

ஜெபா


வேலூர்
23.5.1991

ஜெபா,

நேற்று விடிகாலை வார்டு ரேடியோவில் ஸ்ரீபெரும்புதூர் என்று கேட்டதும் கையிலிருந்த டிரேயைக் கீழே போட்டுவிட்டேன். உங்களில் யாரும் குண்டு வெடித்த அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லையே? பஸ் ஓடவில்லை, போன் கிடைக்கவில்லை.

இப்போது வேறு ஒரு பயம் வந்திருக்கிறது. இனி அந்தப் பக்கத்தில் ஒரு பிடி வெடிமருந்து யாரிடம் இருந்தாலும் கேள்வி வரும். வரத்தான் வேண்டும், செத்தவர்கள் எத்தனை பேர். யாராவது வந்து கேட்டால் ஒளிக்காதே. உண்மையைச் சொல். இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ.

அக்கா


ஒரகடம்
14.6.1991

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் உயிரோடு, உடம்போடு இருக்கிறோம். உன் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது.

போலீசார் ஊர் ஊராகத் தேடி வந்தார்கள். ரகுபதியின் கொட்டகையில் என் மூட்டை அகப்பட்டது. அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எத்தனையோ தடவை கேட்டும் அவன் என் பேரைச் சொல்லவில்லையாம். நான் அப்போது சிங்கப்பெருமாள் கோவில் பட்டறையில் இருந்தேன். சாயங்காலம் வந்ததும் ரத்னா சொன்னாள். அவள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள்.

ஸ்டேஷன் வரைக்கும் மிதித்தேன். வழியில் இரண்டு தடவை இறங்கி நின்றேன். திரும்பிவிடலாம் என்றுதான் நின்றேன், பொய் சொல்லவில்லை. கடைசியில் உள்ளே போய், "சார், அது என்னுது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

ரகுபதியை மறுநாள் விட்டுவிட்டார்கள். என்னை விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அடிக்கவில்லை, ஒரே கேள்வியை ஆள் மாற்றி ஆள் கேட்டார்கள். ஆசைக்குச் செய்கிறேன் என்றால் யார் நம்புவார்கள், அதுவும் இந்த ஊரில், இந்த மாதத்தில்? வீட்டைச் சோதித்து டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அதில் ஐந்து வருடமாக நீ எழுதிய கடிதங்கள் இருந்தன. வயதான ஓர் அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் கடிதத்திலிருந்து வரிசையாகப் படித்தார். ஒரு மத்தியானம் முழுக்கப் படித்தார். ஏழாம் நம்பர் கட்டில் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா பேச்சக் கேட்டிருந்தா நீ இங்க வந்திருக்க மாட்ட. அவங்க எழுதினதாலதான் இப்ப வெளிய போற."

மருந்தைத் தண்ணீரில் கரைத்துப் பள்ளத்தில் ஊற்றினார்கள். பித்தளைக் குச்சியை மட்டும் அவர் திருப்பிக் கொடுத்தார். செய்வதானால் லைசென்ஸ் உள்ளவரிடம் போய்ச் செய், இல்லையென்றால் மறந்துவிடு என்றார்.

வெளியே வந்ததும் ரகுபதியின் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவன் உட்காரவைத்துச் சோறு போட்டான்.

ஜெபா


வேலூர்
30.6.1991

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு துணி வைக்கும் லினன் அறையில் உட்கார்ந்து அழுதேன். நான் எழுதியதை யாரோ வரிசையாகப் படித்தார் என்பது வெட்கமாகவும் இருக்கிறது. அவர் நன்றாக இருக்கட்டும். ரகுபதி நன்றாக இருக்கட்டும்.

இப்போதாவது அந்தக் கார்டை எழுதுவாய் அல்லவா? காத்திருக்கிறேன்.

அந்தப் பெண் பேர் நிலா. போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டாள். பென்சில் பிடிக்கிறாள்.

அக்கா


ஒரகடம்
8.12.1991

அன்புள்ள அக்கா,

ஐந்து மாதமாகக் கார்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீ சொன்ன ஒரு வார்த்தைதான் எழுத வேண்டும். கை வரவில்லை. மன்னித்துக்கொள்.

வாலாஜாபாத் பக்கம் சுப்பராயன் என்று ஒருவர், திருவிழாக்களுக்கு வாணம் விடுகிறவர், முறையான லைசென்ஸ் வைத்திருக்கிறார். ஞாயிறு மத்தியானங்களில் அவர் கொட்டகையில் அவர் கண்ணெதிரே வேலை செய்கிறேன். இரண்டு டிரம் தண்ணீர், கூடவே மணல் வாளி. ஒரு கைப்பிடிக்கு மேல் மருந்து எடுத்தால் பிடுங்கிக்கொள்கிறார். நான் இத்தனை நாள் எவ்வளவு முட்டாள்தனமாக இருந்திருக்கிறேன் என்று அங்கேதான் தெரிந்தது. நீ பயந்தது நியாயம்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் ஏழு மணிக்கு ஏரிக்கரையில், அனுமதி வாங்கி, அவர் ஏழு வாணம் விடுகிறார். அதில் ஒன்று என்னுடையது. நீலம். இருக்கிற நிறங்களில் அதுதான் கடினம், சூடு கொஞ்சம் கூடினாலும் வெளுத்துவிடும். வா என்று சொல்ல எனக்கு முகமில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஜெபா


வேலூர்
27.12.1991

அன்புள்ள ஜெபா,

உனக்குப் பதில் போடாமல் புறப்பட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு லீவு கிடைத்தது. எல்லார் முன்னாலும் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதாக நினைத்துத்தான் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறினேன். பஸ் தாமதம். ஏரி கண்ணுக்குத் தெரிகிற வளைவில் வரும்போது மணி ஏழாகிவிட்டது.

முதல் வாணம் போனதும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி விளக்கை அணைத்துவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லாரும் இறங்கினோம். சிவப்பு, பொன் நிறம், வெள்ளை எல்லாம் வந்தன. ஆறாவதாக ஒன்று சத்தமே இல்லாமல் ஏறிக்கொண்டே போனது. அவிந்துவிட்டது என்று நினைத்தபோது விரிந்தது. நீலம். ஜெபா, அவ்வளவு பெரிய அமைதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. என் வெள்ளைப் புடவை நீலமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணின் கைக்குழந்தை அதைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டியது. நெருப்பு என்றால் எனக்குத் தோல், நாற்றம், கட்டுத்துணி. யாரையும் தொடாமல் எரிந்து, யாரையும் தொடாமல் அணைந்துபோகிற நெருப்பை நான் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் என் கால் வீட்டுப் பக்கம் வரவில்லை. திட்ட வந்தவள் என்ன முகத்தோடு வந்து நிற்பேன்? எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். மன்னித்துக்கொள். பொங்கலுக்கு வருகிறேன். சுப்பராயன் கொட்டகையை நான் பார்க்க வேண்டும், எனக்கு இன்னும் பயம் போகவில்லை. போகவும் போகாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீலம் அணைந்ததும் கண்டக்டர் மேலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "யாருங்க இத்த விடறது? இந்த ஊரு ஆளா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"என் தம்பி" என்றேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அக்கா,
ஞானம்மா