மாமாவின் முழங்கால் வலி

எங்க ஏழு தலைமுறைக்கும் ஒரே மகாராணியான என் மருமகள் செல்விக்கு,

ராஜபாளையத்தையே கட்டி ஆளுறதா சொல்லிக்கிட்டுத் திரியுற உன் தாய்மாமன் எழுதுறேன். நீ போய்ப் பத்து மாசம் ஆச்சு. போன வாரம் லடாக் போய் அந்த ஏரியைப் பார்த்துட்டு வந்தேன் ஏட்டி. உன் முதுகுப்பையைத்தான் மாட்டிக்கிட்டுப் போனேன்.

சின்னப் பிள்ளையில உனக்கு நான் விட்ட கதை ஞாபகம் இருக்கா? பட்டாளத்துல இருந்தப்ப அந்த ஏரியில குதிச்சேன், நீலத்துல முங்கிப் பச்சையில எந்திரிச்சேன், கரையேறுனப்ப மீசை ஊதாவா இருந்துச்சுன்னு சொன்னேன். உங்க அம்மா தலையில அடிச்சுக்கிட்டா. நீ நம்பிட்டே.

உண்மையைச் சொல்லுதேன். பட்டாளத்துல இருந்த பதினேழு வருஷமும் சமவெளியில, சமையக்கட்டுலதான் கிடந்தேன். இமயமலை உசரத்துக்கு உருளைக்கிழங்கு உரிச்சேன். மலையைக் காலண்டர்லதான் பார்த்தேன்.

நீ மில் வேலைக்குப் போன பொறவு, "மாமா, ஏரிக்கு வழி தெரிஞ்ச ஆளு நீங்கதான். நீங்க வந்தாத்தான் நான் போவேன்"னு வந்து நின்னே. பொய் வெளிய வந்துருமேன்னு முழங்கால் வலின்னேன். மறுவருஷமும் அதே வலி. "எங்க, நடந்து காட்டுங்க பாப்போம்"னே. நொண்டிக் காட்டினேன். மூணாவது வருஷம் நீ என்னைக் கேட்கவே இல்லை, பையைக் கட்டி வச்சுட்டே. அதுக்குள்ள அந்தக் காய்ச்சல். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில மூணே நாள்ல போயிட்டே.

நான் போன அன்னைக்கு ஒரே மேகம். ஏரி ஈயம் பூசுன மாதிரி கிடந்துச்சு. செத்த நேரம் வெயில் அடிச்சப்ப கரையோரம் பச்சை, நடுவுல நீலம், அங்கிட்டு ஊதா.

குளிருக்கு மப்ளர் தேடிப் பையோட அடியில கை விட்டேன். நம்ம சத்திரப்பட்டியில நெய்யுற பேண்டேஜ், நாலு சுருள். மேல உன் கையெழுத்து: "மாமா முழங்காலுக்கு."

நம்பித்தான் வச்சியா? இல்ல, எல்லாம் தெரிஞ்சும் வச்சியா?

நாலு சுருளையும் நல்ல கால்ல சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வண்டிக்காரன் கால்ல அடியான்னு சைகையில கேட்டான். ஆமான்னு தலையாட்டினேன்.

ஊருக்கு வந்து உங்க அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வெளக்குமாத்தைத் தூக்குவான்னு பார்த்தேன். அவ கேட்டது இதுதான்:

"எம் பிள்ள பாக்க நெனச்சதை நான் பாக்கணும்டா. கூட்டிட்டுப் போவியா?"

மதுரை பஸ்ஸுலயே வாந்தி எடுக்கிறவ அவ. இருந்தாலும் வார ஜூன்ல கிளம்புறோம். மேகம் விலகுற வரைக்கும் அவளைக் கரையில உட்கார வச்சுப் பக்கத்துலயே இருப்பேன், எம்புட்டு நாளானாலும்.

இப்படிக்கு,
உன்னைக் கூட்டிட்டுப் போகாத
தாய்மாமன்