மோலிக்குப் போட்ட மொட்டை

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
ஜூன் 1950

அன்பு மகன் வால்டருக்கு அம்மா எழுதுவது. மொம்பாசாவில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலைப் பூசையில் தேவமாதாவிடம் கேட்கிறேன். இங்கே உன் நைனா சுகம், ஹார்பர் கிரேன் வேலை எப்போதும்போல நடக்கிறது, உன் தங்கைக்குப் பெண் பிறந்திருக்கிறாள். உன் நாய் மோலியின் போட்டோ ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். ஸ்டூடியோ பூட்டியிருக்கிறது என்று நான் எழுதியது பொய். மோலியை நான் கெடுத்துவிட்டேன்.

கப்பல் ஏறுமுன் நீ எல்லாம் சொல்லித்தான் போனாய். காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் சடை விழும், விரலால் பிரித்துவிட்டுத்தான் சீப்புப் போட வேண்டும், குளிப்பாட்டினால் அடிமுடிவரை காய வேண்டும், என்ன ஆனாலும் முடியை வெட்டக்கூடாது என்றாய். சீமையில் ஆடு மேய்க்கிற சாதி, வேலை இல்லாவிட்டால் ஏங்கிப்போகும் என்றாய். அதற்கு மட்டும் குறையில்லை. பக்கத்து வீட்டுக் குப்பம்மாவின் ஆடுகள் ரயில் பாதைப் பக்கம் போகாமல் வளைத்து வளைத்து ஓட்டிவரும். ஆடு வராத நாளில் தெருப் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சுவரோரமாகச் சேர்த்துவிடும். அக்கினி வெயிலில் அதற்குக் காய்ச்சல் கண்டு கஞ்சித் தண்ணீரும் இறங்கவில்லை. சின்ன வயதில் உனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது வேளாங்கண்ணி மாதாவுக்கு உன் முடியை நேர்ந்துகொண்டேன், பிழைத்தாய். அதே நினைப்பில், இது எழுந்து நின்றால் இதன் முடியைத் தருகிறேன் தாயே என்று சொல்லிவிட்டேன். எழுந்து நின்றது. வாக்கைக் காப்பாற்றாவிட்டால் கடல் தாண்டியிருக்கிற உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். நாவிதர் தண்டபாணியைக் கூப்பிட்டேன், இன்னாம்மா நீ, நாய்க்கு மொட்ட அடிச்ச கையில எவன் தலைய குடுப்பான் என்று போய்விட்டார். வேணாம் சிலுவை, புள்ள அவ்ளோ சொல்லிக்கினு போனானே என்றார் உன் நைனா. நான் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நானே தோல் தெரிய வெட்டினேன். அசையாமல் என் கையை நக்கிக்கொண்டு நின்றது, வால்டர்.

மறுநாள் வழக்கம்போல ஆடுகளுக்குப் பின்னால் வெயிலில் ஓடியிருக்கிறது. முதுகெல்லாம் கொப்புளம். தேங்காயெண்ணெய் தடவப் போனால் தொடவிடாமல் ஊளையிட்டது. வேப்பேரி மாட்டு டாக்டர், குளிருக்கு மட்டுமில்லை, வெயிலுக்கும் அந்த முடிதான் காப்பு, பழையபடி வளருமா என்று சொல்ல முடியாது என்றார். புண் ஆறியும் வெளியே வரவில்லை. பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் திட்டவில்லை, நேர்ந்துகொண்டது நீ, கொடுத்த முடி யாருடையது என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே தண்டபாணியை வரச்சொல்லி மொட்டைக்கு என் தலையைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். குப்பம்மா ஓடிவந்து, இன்னாக்கா இது, அண்ணன் நல்லாத்தானே கீறாரு என்று அழப்போனாள். உன் நைனா உள்ளேயிருந்து இருமிக் காட்டினார். மோலி கட்டிலுக்கடியிலிருந்து வந்து என் தலையை வெகுநேரம் மோந்து பார்த்தது. அன்று சாயங்காலம் என்னோடு வாசல்வரை நடந்தது.

நைனாவின் பழைய சட்டையைப் பிரித்து அதற்கு அங்கி தைத்துப் போட்டிருக்கிறேன். வெயில் தாழ்ந்தபின்தான் வெளியே விடுகிறேன். முதுகில் பூனைமயிர் மாதிரி கொஞ்சம் தெரிகிறது. நீ என்மேல் கோபப்படு, அது நியாயம். ஆனால் கடிதம் போடாமல் இருந்துவிடாதே. அங்கே கொசு அதிகமாம், கொய்னா மாத்திரையை விடாதே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் விடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

நீ கேட்ட போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன், இரண்டு பேரும் இருக்கிறோம். லீவில் வரும்போது என்னைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரி. அதைப் பார்த்து மட்டும் சிரிக்காதே, அதற்குத் தெரிகிறது.

உன் அம்மா,
சிலுவையம்மாள்