புரியலை என்று சொல்ல ஓர் ஆள்

ஜூன் 9
கல்லூரி திறந்தது. எனக்கு அதே பகுதி: ‘மரணமும் துயரமும்’. இருபது வருடமாக வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிற தத்துவப் பாடம். நமக்குக் கிடைத்ததெல்லாம் இரவல். கொடுத்தவன் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதற்கு அழுவது அறியாமை. முதல் வரியைச் சொன்னேன். அடுத்தது வரவில்லை. தலைவலி என்று பாதியில் வந்துவிட்டேன்.
என் வீட்டுக்காரர் போய் ஐந்து மாதம் ஆகிறது.

ஜூன் 10
துறைத்தலைவர் கூப்பிட்டார். “முடியலைன்னா சொல்லுங்க மேடம், அந்தப் பகுதியை வேற ஆள்கிட்ட கொடுத்துடலாம்.” கொடுத்துவிடுவாராமே! அது என் பாடம். ஒரு மாதம் தவணை வாங்கியிருக்கிறேன். அதையும் விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

ஜூன் 14
அக்கா போனில் அழுது, அதட்டி, கடைசியில் ஜெயித்துவிட்டாள். “உனக்கு எல்லாம் தெரியும்டி. அதான் உன்னோட பெரிய தொல்லையே. ஒரு தடவை போய்ப் பாரேன்.” மனநல ஆலோசகரையாம். எனக்கு ஆலோசனையா? கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதை.

ஜூன் 17
ஆலோசகரின் அறைக் கதவைத் திறந்தால் — கடைசி பெஞ்ச்! என்னிடம் தர்க்கவியலில் இரண்டு முறை ஃபெயிலானவள்.
“மேடம், நீங்களா? சங்கடமா இருந்தா வேற ஆள்கிட்ட அனுப்பறேன்.”
“வேண்டாம், உன் லட்சணம் எனக்குத் தெரியும்” என்று உட்கார்ந்தேன். சின்ன அறை. கை எட்டும் தூரத்தில் டிஷ்யூ பெட்டி. துயரம் என்றால் என்ன, முதலில் வரையறுப்போம் என்று ஆரம்பித்து முழு நேரமும் நானே பேசினேன். அவள் “புரியுது மேடம், புரியுது மேடம்” என்று தலையாட்டினாள். என்ன புரிந்ததோ.

ஜூன் 24
மறுபடி போனேன். வாதத்தில் அவளை மடக்கினேன். என்ன பிரயோஜனம்? வீட்டுப் பூட்டைத் திறக்க மனம் வராமல் தெருமுனை வரை திரும்ப நடந்தேன்.

ஜூன் 25
இவர் பல் செட் செய்கிறவர். சாயங்காலம் மிச்ச வேலையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்புவார். எதிரே நின்று மறுநாள் பாடத்தை நடத்திக் காட்டுவேன். யாரோ ஒருவரின் மேல்வரிசையை உரசிக்கொண்டே கேட்பார். இடறுகிற இடத்தில் கையைத் தூக்குவார். “டீச்சர், புரியலை.”
“மண்டையில என்ன, களிமண்ணா?”
“இல்லைங்க, பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டர்.”
சண்டை போட்டுவிட்டு அந்த இடத்தைத்தான் திருத்துவேன். இந்தப் பாடத்தை மட்டும் திருத்தவில்லை. வருடா வருடம் கேட்பார்: “இரவல்னா, நான் என்ன லைப்ரரி புத்தகமா?” சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன்.
அந்தக் கை வேணும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்.

ஜூலை 1
கடைசி பெஞ்ச் இன்று, “அந்தப் பாடத்தை எனக்கு நடத்துங்க மேடம்” என்றாள். வீம்புக்கு எழுந்து நின்று நடத்தினேன். வரி பிசகவில்லை. முடித்ததும் சொன்னாள்:
“கோவிச்சுக்காதீங்க மேடம். எனக்கு இது அன்னைக்கும் புரியலை, இன்னைக்கும் புரியலை.”
இவர் ‘புரியலை’ என்று கை தூக்கும் கதையை அவளிடம் நான் சொன்னதே இல்லை. ஐயோ, அவ்வளவு அழுகையும் எங்கே இருந்தது? அவள் தேற்றவில்லை. பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, வெகுநேரம் கழித்துக் கேட்டாள்: “உங்களுக்குப் புரியுதா மேடம்?”
“இல்லைடி” என்றேன்.

ஜூலை 3
ஒரு கருத்து சரியா என்று பார்ப்பது என் வேலை. அதைக் கேட்கிறவள் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பது கடைசி பெஞ்ச்சின் வேலை. இவர் இரண்டையும் பல்லை உரசிக்கொண்டே பார்த்திருக்கிறார், மனுஷர்.

ஜூலை 8
வகுப்புக்குப் போனேன். ‘இரவல்’ வந்ததும் நிறுத்தினேன். “இந்த இடம் யாருக்குப் புரியலை?” ஒருவரும் அசையவில்லை. எல்லாம் பயந்தாங்கொள்ளிகள். கடைசியில் நானே கையைத் தூக்கினேன். சிரித்தார்கள். பிறகு ஜன்னலோரம் ஒரு கை எழுந்தது, நடுவில் இன்னொன்று. வகுப்பு முழுக்க அந்த ஒரு வரியிலேயே போய்விட்டது. நாளைக்கும் நானே நடத்துவேன் என்று துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன்.
வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், மேசைக்கு எதிரே போய் நின்றேன்.
“லைப்ரரி புத்தகம் இல்லைங்க நீங்க” என்றேன்.