அப்பாவை மூன்று தடவை கேட்க வேண்டும்

அன்பு ஆனிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அலாஸ்காவில் நீயும் ஓவனும் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் நலம், பல மாதங்களுக்குப் பிறகு இந்த வார்த்தையை மனதார எழுதுகிறேன்.

பனிக்காலத்தில் பக்கவாதம் வந்து கால் இழுத்துக்கொண்டதிலிருந்து அப்பா ஜன்னலோர நாற்காலியே கதி என்று இருந்தார், இப்படியே முடங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயம். வியாழக்கிழமை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, கேட்காமலே காரை ஆற்றோரக் குன்றுப் பூங்காவுக்கு விட்டேன். அங்கே இப்போது சக்கரத்துக்குப் பதில் பட்டை ஓடுகிற ஒரு மோட்டார் நாற்காலி வைத்திருக்கிறார்கள், கரடுமுரடான பாதையிலும் ஏறும். டெக்சஸிலிருந்து புதிதாக வந்த டெஸ் என்ற பூங்காக் காவலர்ப் பெண், "இதுல உச்சி வரைக்கும் போகலாம், வர்றீங்களாய்யா" என்றாள். அப்பா, "எனக்கெதுக்கும்மா, வேற யாராவது கேப்பாங்க" என்றார். அவளும் சரி என்று கொட்டகைக்கே ஓட்டிப்போய்விட்டாள். அப்பாவின் முகம் தொங்கிப்போனதை நீ பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் நான் பிஸ்கட் தட்டை நீட்டினால் நம் மினசோட்டாப் பிள்ளைகள் பசித்தாலும் இரண்டு சுற்று வேண்டாம் என்பார்கள், மூன்றாவது சுற்றில்தான் கை நீளும். டெக்சஸ்காரிக்கு இது எப்படித் தெரியும்? பின்னாலேயே போய், மூன்று தடவை கேட்க வேண்டும் என்று சொன்னேன். திரும்பி வந்தவள், "வர்றீங்களா? இப்ப வர்றீங்களா? மூணாச்சுய்யா, இனிமே கேக்க மாட்டேன்" என்றாள். அப்பா, "இவ்வளவு தூரம் கொண்டாந்துட்ட, திருப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்" என்று ஏறி உட்கார்ந்தார்.

அவர் ஓட்டிய வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. மேலே வேலியோரம், சரக்குப் படகுகள் மிசிசிப்பியின் வளைவில் மெல்லத் திரும்புவதையும், எங்கள் காலுக்குக் கீழே கழுகு பறப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது, "மார்லிஸ், ஓக் இலை சிவக்கிறப்ப இன்னொரு தடவை வரணும்" என்றார். பனிக்காலத்துக்குப் பிறகு அவர் வரப்போகிற நாளைப் பற்றிப் பேசியது அப்போதுதான். வீட்டுக்கு வந்து சமையலறையில் கொஞ்ச நேரம் அழுதேன், நல்ல அழுகைதான்.

உனக்கும் நம் ஊர்ப் பழக்கம் மறந்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் இருவர் கல்யாணத்துக்கு வாங்கப்பா என்று நீ ஒரு தடவை கேட்டாய், என்னால உனக்குத்தான் தொந்தரவு என்றார், நீயும் சரிப்பா என்று எனக்கு மட்டும் டிக்கெட் போட்டுவிட்டாய். நேற்று அவரே அலமாரியைத் திறந்து சாம்பல் நிற கோட்டைப் போட்டுப் பார்த்தார், நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி. வெளியே போனால் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறது.

உன் அம்மா
மார்லிஸ்