முப்பது விநாடி அமைதி

ஆகஸ்ட் 17, ஞாயிறு, காலை 10.40. பதினொன்றாவது பதிவும் உதவாது.

ஈப்போ நகரில் என் வீட்டில், மைக்கோடு சேர்த்துத் தலைக்கு மேல் உன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மச்சான். இன்னும் உன் தைல வாடை. சுவருக்குப் பஞ்சுப் பலகை வாங்க வசதியில்லை, எதிரொலியை அடக்க இது போதும் என்று உன் ஊர் செமோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தவன் நீ.

இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட, நாம் வளர்ந்த எஸ்டேட் தோட்டத்தைப் பற்றி ஒரு பாட்காஸ்ட். நான் கேட்பேன், நீ கதை சொல்வாய். அதுதான் திட்டம். தனியாகப் பேசினால் ஏர்கோன் குளிர்சாதனப் பழுது அறிக்கையை வாசிப்பதுபோல் இருக்கிறது.

ஒத்திகை அன்று இதே அறையில் சண்டை போட்டோம்.

"பேன அடைடா, இரைச்சல் விழுது" என்றேன்.

"வேர்க்குது மச்சான். பேன் இல்லாம எனக்குப் பேச்சே வராது லா."

"அப்ப முப்பது செகண்டு வாய மூடு. வெறும் ரூம் சத்தம் மட்டும் எடுக்கணும்."

"மூச்சு விடலாமா, அதுக்கும் பெர்மிட் எடுக்கணுமா?"

அந்த வெறும் சத்தத்தை மாதிரியாகக் கொடுத்தால், மென்பொருள் அதே இரைச்சலைப் பேச்சிலிருந்து அழித்துவிடும். பிறகு பள்ளி பஸ்ஸில் ஆடு ஏறிய கதையை இருபது நிமிடம் சொன்னாய். நடுவில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. "குப்பை, அடுத்த வாரம் ஒழுங்கா எடுப்போம்" என்று உன் முன்னாலேயே அழித்தேன்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் நீ இல்லை.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே, டைப் பண்ணு என்று உன்னைப் பழக்கியதும் நான்தான். ஆகவே உன் குரல் என்னிடம் இல்லை. அழிக்க மறந்த அந்த முப்பது விநாடி மட்டும் இருக்கிறது. இன்று அதை மென்பொருளுக்குக் கொடுக்குமுன் கேட்டேன். பேன் சுற்றுகிறது. பத்தொன்பதாவது விநாடியில், சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் ஒரு மூச்சு விடுகிறாய். அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் பேனோடு அந்த மூச்சும் இரைச்சல் கணக்கில் சேர்ந்துவிடும்.

அழுத்தவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. பேனைப் போடுவது.

2. அந்த முப்பது விநாடியை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அப்படியே வைப்பது. இயர்போன் கெட்டுவிட்டதென்று நினைத்துப் போகிறவர்கள் போகட்டும்.

3. பன்னிரண்டாவது பதிவு. கேள்வி கேட்டபின், நீ பதிலைத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் வரை சும்மா இருப்பது. அதை வெட்டக்கூடாது. ஆட்டுக் கதையை எனக்குத் தெரிந்த வரையில் நானே சொல்வது.

4. கம்பளியைச் செமோரில் உன் அம்மாவிடம் திருப்பிக் கொடுப்பது. இந்த வாரம் முடியாது.