லொறெற்றா வரைந்த முகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

இங்கே ரொம்சோஸில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் லொறெற்றா என்ற கறுப்பின அமெரிக்க ஓவியர் இருக்கிறார். முன்பு சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைந்தவர். அவரோடு நான் இந்த நாட்டு மொழியில்தான் பேசுவேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்த என்னை வரைவதற்காக உட்காரவைத்தார்.

"முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக் கீறுங்கோ," என்றேன்.

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "நான் கீறின கறுப்புப் பிள்ளையளுக்குப் பதிப்பகக்காரரும் இதைத்தான் சொன்னவை. கனகாலம் அப்பிடியே கீறிக் குடுத்தனான். பிறகு ஏலாமல் அந்த வேலையை விட்டிட்டன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "அப்ப உள்ளபடி கீறுங்கோ."

முடிந்ததும் பார்த்தேன். அதே கறுப்பு, அதே நெற்றி. நீங்களே இருந்தீர்கள் அம்மா. கொஞ்சம் அழுதேன், வேறொன்றுமில்லை.

உங்கள் படமொன்று எடுத்து அனுப்புங்கள். முகத்தை வெளுப்பாக்க வேண்டாமென்று ஸ்டூடியோக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
றெஜினா