மலைக்கு இருபுறமும்

வெஸ்ட் மார்லோ, வெர்மாண்ட்
ஜனவரி 14, 1936

அன்புள்ள அல்மீடா அக்காவுக்கு,

உன் தம்பி ஓரின் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பளிங்குக் குவாரி இன்னும் திறக்கவில்லை. திறக்கும் என்று சொல்பவர்கள்கூட இப்போது வாயை மூடிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரி லூசில் உருளைக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைக்க முடியும் என்பதில் தேர்ந்துவிட்டாள்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. நம் மாநிலத்தின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை, மலைமுகட்டை ஒட்டி ஒரு பெரிய சாலை போட வாஷிங்டன் தயாராக இருக்கிறதாம். பாறை உடைக்கத் தெரிந்தவனுக்கு வருஷக்கணக்கில் வேலை. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் எல்லா ஊரும் வாக்களிக்க வேண்டும். வெண்டல் அத்தானிடமும் சொல். நீங்கள் இருவரும் 'ஆம்' என்று போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் தம்பி,
ஓரின்


கிரீலி ஹாலோ
ஜனவரி 25

என் அருமை ஓரின்,

உன் கடிதம் வந்த அன்று பால் வாளி உறைந்து போகும் அளவு குளிர். வெண்டலுக்கு இடுப்புவலி; ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை. கறுப்பி கன்று போட்டிருக்கிறாள். குழந்தைகளுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளும்படி லூசிலிடம் சொல்.

சாலை விஷயம். அளவெடுக்க வந்தவர்கள் பாகு காய்ச்சும் எங்கள் மேப்பிள் தோப்புக்கு மேலே கொடி நட்டுப் போனார்கள். சாலைக்கு இருபுறமும் அகலமாக நிலத்தை எடுத்து வாஷிங்டனுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். மனிதரைவிட மாடு அதிகம் உள்ள மாநிலம்தான் நம்முடையது. ஆனாலும் நம் முன்னோர் நியூயார்க்குக்காரனுக்கும் பணியவில்லை, இங்கிலாந்து ராஜாவுக்கும் பணியவில்லை. பதினான்கு வருஷம் தனி நாடாகவே இருந்துவிட்டு, மனசு வந்தபோதுதான் இந்த நாட்டோடு சேர்ந்தார்கள். அந்த மலை முதுகை ஒரு கையெழுத்தில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லையடா.

நான் 'இல்லை' என்றுதான் போடுவேன். மறைத்து வைத்துக்கொண்டு உன்னோடு கொஞ்ச எனக்குத் தெரியாது.

உன் அக்கா,
அல்மீடா


வெஸ்ட் மார்லோ
பிப்ரவரி 3

அல்மீடாவுக்கு,

காலுறைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முன்னோர் பெருமையை என் பிள்ளைகள் தட்டில் போட்டுப் பார்த்தேன், அவர்கள் சாப்பிடவில்லை. நீ உன் மரங்களோடு இரு. பதில் வேண்டாம்.

ஓரின்


கிரீலி ஹாலோ
மார்ச் 5

ஓரின்,

பதில் வேண்டாம் என்றாய். நான் எப்போது நீ சொன்னதைக் கேட்டேன்?

செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். கூடம் நிரம்பி, ஈரக் கம்பளி வாசனையும் அவித்த மொச்சை வாசனையுமாக இருந்தது. விடுதிக்கார ஹோரஸ் பிராட்லி எழுந்து, சாலை வந்தால் பணக்காரர்கள் காரில் வந்து குவிவார்கள் என்று அரைமணி நேரம் பேசினார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். இத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் பரிமாறத்தான் எழுந்திருக்கிறேன், பேச எழுந்ததில்லை. எழுந்துவிட்டேன்.

ஹோரஸ் சிரித்தார். "அல்மீடா, மாடு கறக்கத் தெரிஞ்சா போதுமா? இது வாஷிங்டன் விவகாரம்மா."

"போன வசந்தத்துல உங்க காரு சேத்துல முங்கினப்ப வாஷிங்டனா வந்து இழுத்துச்சு? எங்க மாடுதானே இழுத்துச்சு!" என்றேன். கூடமே குலுங்கியது.

"மேலேருந்து நம்மள வேடிக்கை பாக்க ஒரு ரோடு போடறாங்க. கீழ இருக்கற நமக்குப் பால் கேனை ஏத்திப் போக ரோடு இல்ல. அதைக் கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கறதில்ல" என்றேன். பிறகு சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். "மலைக்கு அந்தப் பக்கம் என் தம்பி வேலையில்லாம உக்காந்திருக்கான். இந்த ரோடு வந்தா அவன் புள்ளைங்க வயிறு நிறையும். அது தெரிஞ்சேதான் வேணாம்ங்கறேன். எனக்கு இது சுலபம்னு யாரும் நினைச்சுக்காதீங்க."

யாரும் கை தட்டவில்லை. வரிசையாகப் போய்ச் சீட்டுப் போட்டார்கள். எண்ணி முடித்தபோது எங்கள் ஊர் 'இல்லை' என்றிருந்தது. மறுநாள் கடை ரேடியோவில் கேட்டோம்: மாநிலமே 'இல்லை' என்றுவிட்டது! வெண்டல் இடுப்பை மறந்து என்னைத் தூக்கிவிட்டார். அதன் பலனாக இப்போது படுக்கையில் இருக்கிறார்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஊர்ச் சாலை விஷயம் வந்தது. இத்தனை நாள் ஊர்ச் சம்பளத்தில் அதைப் பார்த்துவந்த சைலஸ், முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று விலகி, மகள் வீட்டுக்கே போய்விட்டார். ஹோரஸ் விடுவாரா? "பெரிய ரோட்டை நிறுத்திட்ட. இனி இருக்கற ரோட்டுக்கு நீயே மண்வெட்டி தூக்கு" என்றார்.

"நான் எதுக்கு? பாறை உடைக்கத் தெரிஞ்சவன், கல்லு பாவத் தெரிஞ்சவன் என் தம்பி இருக்கான். சைலஸ் வீடும் காலியாத்தான் கிடக்கு. கூப்பிடுங்க" என்றேன்.

"அவன் உனக்கு எதிர்க்கட்சியாச்சே?"

"ஆமா. என்னோட பேசக்கூட மாட்டான்."

ஹோரஸ் எழுந்தார். "அப்ப அவன்தான் சரியான ஆளு. இந்த ஊர்ல உன்னை எதிர்த்துப் பேச எனக்கும் ஒரு துணை வேணும்" என்று சொல்லி முதல் கையை அவரே தூக்கினார். பின்னால் கூடம் முழுக்கக் கை. என்ன சொல்கிறாய்?

மேப்பிள் மரங்களில் சாறு வடியத் தொடங்கிவிட்டது. காய்ச்சக் கை போதவில்லை.

அக்கா


வெஸ்ட் மார்லோ
மார்ச் 10

அக்கா,

உன் கடிதத்தைப் பாதி படித்ததுமே அடுப்பில் போட எழுந்தேன். லூசில் பிடுங்கிக்கொண்டு மீதியைச் சத்தமாகப் படித்தாள்.

நான் இங்கே 'ஆம்' என்றுதான் போட்டேன். தொண்டை வற்றக் கத்தினேன். தோற்றேன். அதில் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை. இன்னொரு தடவை கேட்டாலும் அதையே போடுவேன். நீ சொன்னதில் ஒன்றே ஒன்றுதான் என்னை உலுக்கியது: என் பெயரை மறைக்காமல், அத்தனை பேர் முன்னால் எனக்கு எதிராக நின்றாய். முதுகுக்குப் பின்னால் செய்திருந்தால் மன்னித்திருக்க மாட்டேன்.

"தயவுக்குக் கிடைக்கற வேலை எனக்கு வேணாம்" என்று லூசிலிடம் சொன்னேன்.

"தயவா? ஊரே கை தூக்கியிருக்கு. அதுக்குப் பேரு ஓட்டு, மடையா!" என்றாள். காலுறைகளைத் திருப்பி அனுப்பிய கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

சேறு இறுகும்வரை வண்டி ஓடாது. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மலைமேல் இன்னும் பனிதான்; சனிக்கிழமையே பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு மலையை நடந்தே தாண்டி வருகிறேன். முதலில் உன் தோப்பில் பாகு காய்ச்சுவேன், பிறகு உங்கள் கேவலமான சாலையைப் பார்ப்பேன். லூசிலும் பிள்ளைகளும் ஏப்ரலில் வருவார்கள். ஹோரஸிடம் சொல்லிவை: அவர் விடுதி வாசல் சேற்றுக்குத்தான் முதல் கல்.

ஒன்று தெரிந்துகொள். அடுத்த மார்ச் கூட்டத்தில் நான் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். எதிர் வரிசையில் உட்கார்ந்து, நீ எதைக் கேட்டாலும் எதிர்த்துப் பேச எழுந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் ஊர்க்காரன்,
ஓரின்